அமோனாவை இஸ்ரேலே ஏன் காலி செய்தது?

கேள்வி இதுதான்: "மேற்குக் கரையில் அமோனா என்ற சின்னக் குடியேற்றத்தை இஸ்ரேல் போலீசே போய்க் காலி செய்ததாகப் படித்தேன். குடியேற்றங்களை வளர்ப்பதே அந்த அரசுதானே, பிறகு ஏன் இடிக்க வேண்டும்? 'சர்ச்சைக்குரிய நிலம்' என்று எழுதுகிறார்களே, அதில் அப்படி என்ன சர்ச்சை? இப்போது அந்த நிலம் யாரிடம் இருக்கிறது?"

பதில் நீளமாகத்தான் வரும். ஏனென்றால் இங்கே ஒன்றல்ல, இரண்டு சர்ச்சைகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. பெரியது, அந்த நாடு யாருடையது என்பது. சின்னது, கல்வரப்புக்கு உள்ளே கிடக்கும் இந்தத் துண்டு நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது. செய்திகளில் பெரியதைப் பற்றியேதான் பேச்சு. அமோனா விழுந்தது சின்னதில்.

பெரியதை முதலில் முடித்துவிடுகிறேன். 1967 ஜூன் போரில் ஜோர்டானிடமிருந்து மேற்குக் கரையை இஸ்ரேல் பிடித்தது. ஐ.நா.வுக்கும் உலகின் பெரும்பாலான நாடுகளுக்கும் அது ஆக்கிரமிக்கப்பட்ட பகுதி. பிடித்த நாடு தன் சொந்தக் குடிமக்களை அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தக் கூடாது என்கிறது நான்காம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 49ஆம் பிரிவு. இஸ்ரேல் அரசின் வாதம் வேறு: ஜோர்டான் 1950இல் அந்தப் பகுதியைத் தன்னோடு இணைத்துக்கொண்டதையே ஓரிரு நாடுகள்தான் ஏற்றன, ஆகவே அது சட்டப்படி வேறொரு நாட்டின் மண்ணே அல்ல, 'சர்ச்சைக்குரிய' பகுதி. இந்தச் சொல் ஒரு தரப்பின் சொல் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். 1967 செப்டம்பரிலேயே, இஸ்ரேல் வெளியுறவு அமைச்சகத்தின் சட்ட ஆலோசகர் தியோடர் மெரோன், அங்கே சிவில் குடியேற்றம் அமைப்பது ஜெனீவா ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று தன் அரசுக்கே எழுதிக் கொடுத்தார். அதே மாதக் கடைசியில் முதல் குடியேற்றமான கஃபர் எட்சியோன் வந்துவிட்டது. சர்வதேச நீதிமன்றம் 2004இலும், இன்னும் கடுமையாக 2024 ஜூலையிலும், குடியேற்றங்கள் சட்டவிரோதம் என்று கருத்துச் சொன்னது. களத்தில் அதனால் ஒரு வேலியும் நகரவில்லை.

சரி, குன்றுக்கு வருவோம்.

ஜெருசலேமிலிருந்து வடக்கே சுமார் 25 கிலோமீட்டர் போனால், ராமல்லாவுக்கு வடகிழக்கே, ஐன் யப்ரூத், சில்வாத், தைபே என்று மூன்று பாலஸ்தீன ஊர்கள். சில்வாத் பெரிய ஊர். பாலஸ்தீன இயக்கமான ஹமாஸின் தலைவர்களில் ஒருவரான காலித் மிஷால் பிறந்த ஊர் அதுதான். தைபே கிறிஸ்தவர்கள் வாழும் ஊர். மலைச்சரிவெல்லாம் கல்லடுக்கி மேடை மேடையாகக் கட்டிய விளைநிலம்: ஒலிவம், அத்தி, திராட்சை, இடையிடையே கோதுமை. இந்த ஊர்களுக்கு நடுவே ஓஃப்ரா என்ற யூதக் குடியேற்றம். ஓஃப்ராவுக்குத் தலைக்கு மேலே நிற்கும் குன்றுதான் அமோனா.

பெயர்கள் பைபிளிலிருந்து வந்தவை. யோசுவா புத்தகம் 18ஆம் அதிகாரத்தில் பென்யமீன் கோத்திரத்துக்குப் பங்கு கிடைத்த ஊர்களின் பட்டியல் இருக்கிறது. ஓப்ரா அதில் வருகிறது. அடுத்த வசனத்திலேயே அமோனாய் என்று முடியும் ஊர்ப்பெயரும் வருகிறது. அந்தப் பகுதியின் குடியேற்ற நிர்வாகத்துக்கே பின்யமின் மண்டல மன்றம் என்றுதான் பெயர். குடியேறியவர்களைப் பொறுத்தவரை இது புது ஊர் அல்ல, பாட்டன் வீட்டுக்குத் திரும்பிப் போவது. இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட்டால் அவர்கள் ஏன் ஒரு மொட்டைக் குன்றில், காற்றில் ஆடும் கேரவனில், கைக்குழந்தையோடு இருபது வருடம் கிடந்தார்கள் என்பது புரியாது.

அமோனாவின் கதை ஓஃப்ராவிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் வித்தை அங்கேதான் பழகியது. 1975இல் ஆளும் தொழிலாளர் கட்சி அரசு, பாலஸ்தீனர்கள் நெருக்கமாக வாழும் மலைப்பகுதியில் யூதக் குடியேற்றம் வேண்டாம் என்ற நிலையில் இருந்தது. பக்கத்தில் பால் ஹாத்சோர் மலையுச்சியில் ராணுவத் தளம் ஒன்றுக்கு வேலி போடும் வேலை. யூதக் குடியேற்றங்களுக்காகவே கிளம்பிய குஷ் எமுனிம் என்ற மத இயக்கத்து இளைஞர்கள் சிலர் அந்தக் கூலிவேலையை வாங்கிக்கொண்டார்கள். தினமும் ஜெருசலேமிலிருந்து வந்து போனார்கள். ஏப்ரலில் ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்ததும் திரும்பிப் போகவில்லை. ஐன் யப்ரூத் அருகே ஜோர்டான் ராணுவம் பாதி கட்டிவிட்டுப் போன முகாம் ஒன்று சும்மா கிடந்தது. அதில் போய்ப் படுத்துக்கொண்டார்கள். பாதுகாப்பு அமைச்சர் ஷிமோன் பெரெஸுக்குத் தகவல் போனது. அவர் கொடுத்த வழி: துரத்தவும் வேண்டாம், உதவவும் வேண்டாம். பெயருக்கு அது 'வேலையாட்கள் தங்கும் முகாம்'. 1977இல் மெனாகெம் பெகின் ஆட்சிக்கு வந்ததும் முகாம் ஊராகிவிட்டது.

துரத்தவும் வேண்டாம், உதவவும் வேண்டாம். இதற்குப் பிறகு நடந்த பாதிக் கதை இந்த ஒரு வரியில் அடக்கம். அதிலும் இரண்டாவது பாதியை யாரும் கடைப்பிடிக்கவில்லை.

அப்புறம் 1979. இந்த இடத்தில்தான் நிலம் பற்றிய சட்டம் உள்ளே வருகிறது. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம், ஏனென்றால் இது தெரியாமல் அமோனா புரியாது. அதுவரை இஸ்ரேல் ராணுவம் 'பாதுகாப்புத் தேவை' என்று சொல்லித் தனியார் நிலத்தைத் தற்காலிகமாகக் கையகப்படுத்தி, அதில் குடியேற்றம் கட்டிக்கொண்டிருந்தது. பேத் எல் வழக்கில் உயர்நீதிமன்றமும் அதை ஏற்றது. நப்லுஸ் அருகே ரூஜெய்ப் என்ற ஊரின் நிலத்தில் எலோன் மோரே என்ற குடியேற்றத்துக்காக அதையே மறுபடி செய்தார்கள். நில உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். வழக்கமான விடை எல்லோருக்கும் தெரியும்: பாதுகாப்பு என்று ராணுவம் சொல்லும், நீதிமன்றம் தலையாட்டும். ஆனால் இந்த முறை இரண்டு பேர் உண்மையைப் பேசித் தொலைத்தார்கள். முன்னாள் தலைமைத் தளபதி ஹாயிம் பார்லேவ், இந்த ஊரால் நாட்டின் பாதுகாப்புக்கு ஒரு பயனும் இல்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தார். குடியேறியவர்களோ, 'நாங்கள் வந்தது தற்காலிகமாகவும் இல்லை, பாதுகாப்புக்காகவும் இல்லை. கடவுள் கொடுத்த நிலம், நிரந்தரமாக இருக்க வந்தோம்' என்ற பொருளில் எழுதிக் கொடுத்தார்கள். அரசு வக்கீலுக்கு அதற்கு மேல் வாதாட என்ன இருக்கிறது? 1979 அக்டோபர் 22ஆம் தேதி, நீதிபதி மோஷே லாண்டாவ் தலைமை எழுத்தில் தீர்ப்பு வந்தது: காலி செய்.

அந்த ஊர் 1980 தொடக்கத்தில் வேறொரு மலைக்கு மாறியது. பெரிய விளைவு அதுவல்ல. தனியார் நிலத்தைத் தொட்டால் நீதிமன்றம் கடிக்கும் என்று அரசுக்குப் புரிந்தது. அப்படியானால் தனியார் நிலமே அல்லாத நிலம் எது என்று தேட ஆரம்பித்தார்கள். தேடியது துருக்கி சுல்தான் காலத்துச் சட்டத்தில்.

1858ஆம் ஆண்டு ஒட்டோமான் நிலச் சட்டம் மேற்குக் கரையில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன்படி விளைநிலத்தில் பெரும்பகுதி 'மிரி': அடிமண் சுல்தானுக்கு, உழுது அனுபவிக்கும் உரிமை குடியானவனுக்கு. மூன்று வருடம் தொடர்ந்து தரிசாகப் போட்டால் அந்த உரிமை ஆடிப்போகும். இன்னொரு வகை 'மவாத்', செத்த நிலம். எது செத்த நிலம்? ஊரின் கடைசி வீட்டிலிருந்து ஒரு ஆள் உரக்கக் கூவினால் குரல் கேட்காத தொலைவில் இருப்பது. நாம் கூப்பிடு தூரம் என்கிறோமே, அதுவே சட்ட அளவுகோல். கூப்பிடு தூரத்துக்கு அப்பால் இருப்பது அரசனுடையது. சுல்தான் இதை எழுதியது, மக்களை உழ வைத்து வரி வாங்குவதற்கு. நூற்றிருபது வருடம் கழித்து இஸ்ரேல் சட்டத் துறையின் அதிகாரி பிலியா ஆல்பெக் இதே அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, பழைய வான்படங்களைப் பார்த்தும் மலை மலையாக ஏறி இறங்கியும், எது உழுதது, எது உழாதது என்று பிரித்தார். பாறை மண்டிய சரிவில் பாதிக்குக் குறைவாகத்தான் பயிர் இருந்தால் முழுத் துண்டுமே 'அரசு நிலம்'. இப்படி அறிவிக்கப்பட்டது சுமார் 9 லட்சம் துனம். ஒரு துனம் ஆயிரம் சதுர மீட்டர், ஏறக்குறைய கால் ஏக்கர்.

ஆனால் ஒரு வகை நிலத்தில் இந்த வித்தை அவ்வளவு சுலபமாகச் செல்லாது. பிரிட்டிஷார் தொடங்கி, ஜோர்டான் தொடர்ந்து, ஊர் ஊராக அளந்து, துண்டுக்கு எண் போட்டு, உரிமையாளர் பெயரை எழுதி முடித்த பகுதிகள் இருக்கின்றன. அந்தப் பதிவேட்டுக்குத் 'தாபு' என்று பெயர்; துருக்கியச் சொல். நம் பேச்சில் பட்டா என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்குக் கரையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு நிலத்துக்குத்தான் இந்த வேலை 1967க்குள் முடிந்திருந்தது. 1968இல் ராணுவ ஆணை போட்டு இஸ்ரேல் மீதி வேலையை நிறுத்தியது. முடிந்துபோன அந்த மூன்றில் ஒரு பங்குக்குள், ராமல்லாவுக்கு வடகிழக்கே இருந்த இந்த ஊர்களின் நிலமும் அகப்பட்டிருந்தது. ஓஃப்ரா வீடுகளில் பாதிக்கு மேல் நிற்பது பாலஸ்தீனர்கள் பெயரில் தாபுவில் பதிவான நிலத்தில்தான். அமோனா குன்றும் அப்படியே.

ஆக, மதவாதி, ராணுவம், அமைச்சர், நீதிபதி என்று இத்தனை பேர் மோதிய கதையில் முடிவைத் தீர்மானித்தது, ஜோர்டான் காலத்து குமாஸ்தா ஒருவர் சில்வாத் விவசாயியின் பெயரை ஒழுங்காக எழுதிவைத்த வரிதான் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

அமோனா எழுந்தது 1990களின் நடுவில். 1992இல் வந்த ரபின் அரசு புதிதாகக் குடியேற்றம் அறிவிப்பதை நிறுத்தியது. பாலஸ்தீனர்களோடு ஓஸ்லோ சமாதானப் பேச்சு தொடங்கியது. 1995 ஒப்பந்தம் மேற்குக் கரையை ஏ, பி, சி என்று பிரித்து, சுமார் 60 சதவீதமான சி பகுதியை இஸ்ரேல் கையிலேயே விட்டது. முறையாக ஊர் வாங்க வழி இல்லாதபோது, பழைய ஊருக்குப் பக்கத்துக் குன்றில் போய் உட்காரும் பழக்கம் வந்தது. இதற்கு எபிரேயத்தில் 'மாஅஹாஸ்' என்று பெயர். பிடித்துக்கொள்ளும் இடம் என்று பொருள் வரும். செய்திகளில் அவுட்போஸ்ட். 1998இல் மேற்குக் கரையின் ஒரு பகுதியிலிருந்து படைகளை விலக்க இஸ்ரேல் ஒப்புக்கொண்ட வை ஒப்பந்தம் வந்த கையோடு, அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த ஏரியல் ஷரோன், ஓடிப்போய் எத்தனை குன்றைப் பிடிக்க முடியுமோ பிடியுங்கள் என்று வானொலியிலேயே சொன்னார். அதன் பிறகு பழக்கம் வேகம் பிடித்தது.

எப்படி முளைக்கும் என்றால், பெரும்பாலும் அசட்டுத்தனமான ஒரு காரணத்தோடு. தண்ணீர்த் தொட்டி வைக்கிறோம், செல்போன் கோபுரம் வேண்டும், கோபுரத்துக்குக் காவலாள் வேண்டும், காவலாளுக்கு ஒரு கேரவன், அவர் மனைவி வருவார், குழந்தை வரும், குழந்தைக்குப் பள்ளி. அமோனாவுக்குத் தெற்கே மிக்ரோன் என்ற அவுட்போஸ்ட் கோபுரத்தில் தொடங்கிய கதை பிரசித்தம். ஒரு நாள் பார்த்தால் தெருவிளக்கு எரியும், ராணுவம் காவல் நிற்கும், பஸ் வரும். அமைச்சரவை முடிவு இல்லை, வரைபட அனுமதி இல்லை, நிலம் சொந்தமில்லை. ஆனால் மின்சாரம் இருக்கிறது! இந்த விசித்திரத்தை அரசாங்கமே ஒருமுறை கணக்கெடுத்தது. பிரதமரான பிறகு ஷரோன், முன்னாள் அரசு வழக்கறிஞர் தலியா சாசோனிடம் ஓர் அறிக்கை கேட்டார். 2005 மார்ச்சில் வந்த அந்த அறிக்கை 105 அவுட்போஸ்ட்களை எண்ணியது. வீட்டுவசதி அமைச்சகம் உட்பட அரசின் பல கைகள், அரசின் சொந்தச் சட்டத்தை மீறிப் பணமும் சாலையும் மின்சாரமும் கொடுத்திருக்கின்றன என்று எழுதியது. 'குன்றைப் பிடியுங்கள்' என்றவரே கேட்டு வாங்கிய அறிக்கை.

இப்போது 2006 பிப்ரவரி 1. உங்கள் நினைவில் இருக்கும் படங்கள் அந்த நாளுடையதாக இருக்கலாம்: கல் வீட்டுக் கூரைகளில் நெருக்கியடித்து நிற்கும் இளைஞர்கள், கீழே குதிரைப் போலீஸ், எரியும் டயர்ப் புகை. அமோனாவில் கேரவன்களோடு ஒன்பது கல் வீடுகள் நிரந்தரமாகக் கட்டப்பட்டிருந்தன. குடியேற்றங்களை எதிர்க்கும் இஸ்ரேலிய அமைப்பான பீஸ் நவ் அவற்றை எதிர்த்து உயர்நீதிமன்றம் போனது. நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. நேரம் மிக மோசமான நேரம். ஐந்தாறு மாதம் முன்பு, 2005 ஆகஸ்டில், காசாவின் 21 குடியேற்றங்களையும் ஷரோன் காலி செய்திருந்தார். அப்போது தங்கள் தலைவர்கள் அழுதுகொண்டே பஸ் ஏறிவிட்டார்கள் என்ற ஆத்திரம் இளைஞர்களுக்கு. ஜனவரி 4ஆம் தேதி ஷரோன் பக்கவாதத்தில் விழுந்து நினைவு திரும்பவில்லை. ஜனவரி 25இல் பாலஸ்தீனத் தேர்தலில் ஹமாஸ் ஜெயித்தது. பொறுப்புப் பிரதமர் எஹுத் ஒல்மெர்ட்டுக்கு மார்ச்சில் தேர்தல். தன்னால் முடியும் என்று காட்ட வேண்டிய கட்டாயம்.

ஆயிரக்கணக்கான போலீசும் படையும் குன்றேறினார்கள். மேலிருந்து கல்லும் சிமெண்ட் துண்டும் வந்தன; கீழிருந்து தடியும் குதிரையும் போயின. இருநூறுக்கு மேற்பட்டோர் காயம், இரண்டு தரப்பிலும். எஃபி எய்தாம், ஆர்யே எல்தாத் என்ற இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்களும் அடிபட்டார்கள். சில மணி நேரத்தில் ஒன்பது வீடுகளும் தரைமட்டம்.

பார்த்தவர்கள் அமோனா முடிந்தது என்று நினைத்தார்கள். முடியவில்லை! வழக்கு ஒன்பது வீட்டுக்குத்தான்; கேரவன்களைப் பற்றி அதில் பேச்சே இல்லை. இடிபாட்டை ஒதுக்கிவிட்டு, சாயங்காலம் அடுப்பு மூட்டி, குடும்பங்கள் அங்கேயே இன்னும் பதினோரு வருடம் இருந்தன.

இந்தப் பதினோரு வருடத்தை வழக்கறிஞர்கள்தான் நிரப்பினார்கள். 2008இல் யெஷ் தின் என்ற இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பு, நில உரிமையாளர்கள் சார்பில் முழு அவுட்போஸ்டையும் அகற்றக் கோரியது. முந்தைய வழக்கிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது என்று கவனியுங்கள். முன்பு வந்தது, கட்டடத்துக்கு அனுமதி இல்லை என்று வாதாடிய அமைப்பு. இப்போது வந்தது நிலத்துக்காரர். தாபு நகல் கையில், துண்டு எண் கையில், தாத்தா பெயர் அதில். அரசு தேதி தேதியாகத் தள்ளியது. சில துண்டுகளை விலைக்கு வாங்கிவிட்டோம் என்று குடியேறியவர்கள் சொன்னதும் முடிவை மாற்றவில்லை. 2014 டிசம்பரில் தீர்ப்பு: இரண்டு வருடத்துக்குள், 2016 டிசம்பர் 25க்குள், முழுவதும் காலியாக வேண்டும்.

அந்தக் கடைசி மாதங்கள் ஒரு தனி நாடகம். குன்றில் அப்போது சுமார் 40 குடும்பங்கள், இருநூறு பேருக்குச் சற்று மேல். அவ்வளவு பேருக்காக ஒரு கூட்டணி அரசு ஆடிக்கொண்டிருந்தது. யாருமில்லாத பக்கத்துத் துண்டுகளுக்கு வீடுகளை நகர்த்தலாம் என்று யோசனை வந்தது. 'யாருமில்லாத' என்றால், 1967இல் வெளியேறியவர்களின் நிலம், சட்டப் பேச்சில் இல்லாதோர் சொத்து. ஆனால் இந்த ஊர்களில் பாதிக் குடும்பத்துக்கு அமெரிக்காவிலும் ஜோர்டானிலும் உறவு. 'இல்லாதவர்' என்று எழுதிய இடத்திலெல்லாம் யாரோ ஒருவர், 'நான் இருக்கிறேன்' என்று வந்து நின்றார். அமோனாக்காரர்கள் டிசம்பரில் அரசின் உடன்படிக்கையை முதலில் மறுத்தார்கள், சில நாளில் ஏற்றார்கள். நீதிமன்றம் கெடுவை 2017 பிப்ரவரி 8 வரை நீட்டியது. பக்கத்துத் துண்டுத் திட்டத்தை அதே நீதிமன்றம் பிப்ரவரி 1ஆம் தேதி ரத்து செய்தபோது போலீஸ் ஏற்கெனவே குன்றின் மேல் இருந்தது.

2006 மாதிரி ரத்தக்களரி ஆகவில்லை. சுமார் 3,000 போலீசார், இந்த முறை பெரும்பாலும் தடியில்லாமல். பல குடும்பங்கள் கதவைத் திறந்து, அழுது, கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வெளியே வந்தன. எதிர்த்தது அதிகமும் வெளியூர் இளைஞர்கள். மறுநாள் அவர்கள் யூதத் தொழுகைக்கூடத்துக்குள் சாமான்களை அடுக்கித் தடுத்துக்கொண்டு உட்கார, போலீஸ் உடைத்துக்கொண்டு போய் ஒவ்வொருவராகத் தூக்கி வந்தது. அந்தக் குடும்பங்களின் கோபத்தில் எனக்கு நியாயம் தெரிகிற ஒரு இடம் உண்டு: சாலை போட்டதும் விளக்குக் கம்பம் நட்டதும் காவல் நின்றதும் அரசு, கடைசியில் 'சட்டவிரோதம்' என்று வந்து நிற்பதும் அதே அரசு. நிலம் யாருடையது என்பதை விசாரிக்காமல் வீடு கட்டியதற்கு அது பதிலாகாது. ஆனாலும் ஏமாந்தோம் என்று அவர்கள் சொன்னது பொய் இல்லை.

காலி செய்து நான்கே நாளில், பிப்ரவரி 6ஆம் தேதி இரவு, இஸ்ரேல் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை 60க்கு 52 என்று நிறைவேற்றியது. தனியார் பாலஸ்தீன நிலத்தில் நல்லெண்ணத்தோடோ அரசு ஊக்கத்தோடோ கட்டிய குடியேற்ற வீடுகளை அப்படியே விட்டுவிட்டு, உரிமையாளருக்கு இழப்பீடோ மாற்று நிலமோ கொடுத்தால் போதும் என்பது சாரம். உரிமையாளர் வேண்டாம் என்றாலும் கொடுக்கலாம். இந்தச் சட்டம் கிளம்பியதே அமோனாவைக் காப்பாற்றத்தான். பேரத்தில் அமோனாவுக்கான பிரிவு மட்டும் விழுந்துபோனது. அரசின் தலைமை வழக்கறிஞர் அவிகாய் மண்டல்பிலித்தே இதை நீதிமன்றத்தில் காக்க மறுத்ததால் அரசு வெளியே வக்கீல் வைத்து வாதாடியது. 2020 ஜூன் 9ஆம் தேதி, 8க்கு 1 என்ற கணக்கில், உயர்நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது.

போனவர்கள் எங்கே போனார்கள்? ஒரு வருடம் கீழே ஓஃப்ராவில் விடுதி அறைகளில். இதற்கிடையே 2017 மார்ச் 30ஆம் தேதி, அவர்களுக்காக ஷீலோ பள்ளத்தாக்கில் புது ஊர் ஒன்றை அமைச்சரவை ஏற்றது. பெயர் அமிகாய். இருபது வருடத்துக்கு மேல் இஸ்ரேல் அரசு இப்படி நேரடியாகப் புதுக் குடியேற்றம் அறிவித்ததே இல்லை. அவுட்போஸ்ட்களைப் பின்னால் அங்கீகரிப்பதுதான் வழக்கம். 2018 மார்ச்சில் முதல் குடும்பங்கள் குடிபோயின. நீங்கள் கேட்ட 'பிறகு ஏன் இடித்தார்கள்' என்பதற்கு இங்கேதான் நேரான பதில் இருக்கிறது. குடியேற்றம் வேண்டாம் என்று அவர்கள் இடிக்கவில்லை. தாபுவில் பெயர் இருந்த நிலத்திலிருந்து எடுத்து, 'அரசு நிலம்' என்று அறிவித்த மண்ணில் வைத்தார்கள். வைக்கும்போது அது முன்பைவிடப் பெரிதாகவும் முழு அங்கீகாரத்தோடும் எழுந்தது. ஒரு அவுட்போஸ்ட் போய், முறையான ஊர் ஒன்று வந்தது. அமிகாய்க்கு அருகே இருக்கும் ஜாலூத், துர்முஸ் அய்யா ஊர்க்காரர்களிடம் கேட்டால் அமோனா வழக்கில் யார் ஜெயித்தார்கள் என்பதற்கு வேறு விடை கிடைக்கும்.

2023 பிப்ரவரியில் ஒன்பது அவுட்போஸ்ட்களுக்கு அனுமதி, 2024 ஜூனில் ஐந்துக்கு, 2025 மேயில் ஒரேயடியாக 22 குடியேற்றங்கள் என்று அறிவிப்புகள் வரிசையாக வருகின்றன. 2005இல் காலி செய்த ஹோமேஷும் அந்த 22இல் உண்டு. அமோனா காலத்தில் தனி நாடகமாக இருந்தது இப்போது அமைச்சரவைக் குறிப்பில் ஒரு வரி.

கடைசிக் கேள்வி, அந்தக் குன்று இப்போது யாரிடம். பதிவேட்டின்படி சில்வாத், ஐன் யப்ரூத், தைபே குடும்பங்களிடம். அதில் மாற்றமில்லை. ஆனால் கேரவன்கள் போன பிறகும் ராணுவம் அந்த இடத்தை அடைக்கப்பட்ட பகுதியாகவே வைத்திருந்தது. ஜெயித்த உரிமையாளர்கள் தங்கள் நிலத்துக்குள் போக மறுபடி வழக்கறிஞர் வழியாகவே கேட்க வேண்டியிருந்தது. 2018 டிசம்பரில் ஓஃப்ரா அருகே பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்த சில நாளில், குடியேற்ற இளைஞர்கள் இரண்டு கேரவன்களை அதே குன்றில் கொண்டுவந்து வைத்து, இந்தத் துண்டை விலைக்கு வாங்கிவிட்டோம் என்றார்கள். அடைக்கப்பட்ட பகுதியென்று பெயர் இருந்தும் கேரவன் மேலே போயிருக்கிறது, பாருங்கள். 2019 ஜனவரி 3ஆம் தேதி போலீஸ் மூன்றாம் முறையாகக் குன்றேறி அவர்களை இறக்கியது. அன்றும் கல்லெறி, காயம், கைது. கேரவன்கள் லாரியில் கீழே போயின. வழி மறுபடி அடைக்கப்பட்டது.